முழுக்கைச் சட்டை

வலது மணிக்கட்டில் பச்சைக் கயிறு கட்டிய ஆளைப் பார்த்து, பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் எவனும் "வா மாமு, ஒரு கட்டிங் போடலாம்" என்று கூப்பிட மாட்டான். குடியிலேயே ஊறிக் கிடக்கிறவன்கூட அந்தக் கையைப் பார்த்ததும் தன் கிளாசைத் தள்ளி வைத்துக்கொள்வான். குடியை விடுவதற்காகத் தர்காவில் கட்டுகிற கயிறு அது. கயிற்றோடு குடித்தவனுக்குக் கேடு. அவனுக்கு ஊற்றிக் கொடுத்தவனுக்கு அதைவிடக் கேடு. யாரும் கல்லில் வெட்டி வைத்ததில்லை. ஆனால் ராயபுரம் பாலத்திலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் கேட்டுப் பாருங்கள், சின்னப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கும்.

இவ்வளவும் தெரிந்தவள்தான் வரலட்சுமி. தெரிந்திருந்தும் புருஷன் பக்தவச்சலத்துக்கு முழுக்கைச் சட்டையை மாட்டி, கயிற்றை மறைத்து, சம்பந்தி ஆகப்போகிறவர்களைப் பார்க்க அழைத்துப் போனாள். அவள் செய்த பிசகு அது ஒன்றுதான்.

ஏன் மறைத்தாள் என்றால், அதற்கு அவள் வம்சத்தைச் சொல்ல வேண்டும். யானைக்கவுனியில் மூட்டை தூக்கிய முனுசாமியின் மூத்த மகள் அவள். முனுசாமிக்கு இரண்டு தம்பிகள், ஒரு தங்கை. பெரிய தம்பி சாராயத்தில் போனார். அவரைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்த அன்றைக்கே குடித்த சின்னவர், சில வருஷம் கழித்து அதிலேயே போனார். தங்கை புருஷன் பேசின் பிரிட்ஜ் பக்கம் தண்டவாளத்தில் படுத்துத் தூங்கினான், எழுந்திருக்கவில்லை. அந்தக் கும்பலில் வாயில் சொட்டு வைக்காத ஒரே ஆம்பளை முனுசாமி. அவர் மகளுக்கு மாப்பிள்ளை தேடும்போது வேலையைக் கேட்கவில்லை, வீட்டைக் கேட்கவில்லை. பையன் வாயை மோந்து பார்த்துத்தான் பெண் கொடுத்தார் என்று சொந்தக்காரர்கள் இன்றைக்கும் சிரிப்பார்கள்.

தாலி கட்டின அன்று பக்தவச்சலம் குடிக்கிறவன் இல்லை. அதில் பொய்யில்லை. கன்டெய்னர் லாரிக்குப் போன பிறகு வந்தது அது. துறைமுகத்துக்குள் நுழைய எண்ணூர் ரோட்டில் லாரிகள் வால் நீட்டிக்கொண்டு நிற்கும். வெயிலில் இரும்பு கொதிக்கும். வண்டியை விட்டு நகரவும் முடியாது, நகர்த்தவும் முடியாது. பக்கத்து வண்டிக்காரன் நீட்டினான், இவன் வாங்கினான். அப்புறம் இவன் நீட்டினான்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று நடந்தது. வரலட்சுமிக்கு ஒரே தம்பி, தணிகாசலம். அப்பா போனபிறகு அவள்தான் வளர்த்து ஆளாக்கினாள். தண்டையார்பேட்டை மண்டபத்தில் அவன் கல்யாணம். தம்பி முதல் முடிச்சுப் போட்டுவிட்டான். மீதி இரண்டும் அக்காவுடையது. இரண்டாம் முடிச்சுப் போட்டு மூன்றாவதற்கு நூலை இழுக்கும்போது, பின்னால் பக்தவச்சலம் மணவறைக் காலைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். காலோடு பந்தலும் பூவும் பெண்ணின் தலையில் விழுந்தன. வரலட்சுமி நூலை விட்டுவிட்டுப் புருஷனைத் தூக்க ஓடினாள். மூன்றாம் முடிச்சை அவள் சித்தப்பா மகள் போட்டாள்.

"உன் புருஷன் கீற வூட்டு வாசல மிதிக்க மாட்டேன்க்கா," என்று தணிகாசலம் மண்டபத்திலேயே சொன்னான். மிதிக்கவும் இல்லை.

எம்.சி. ரோட்டுக்குப் பின்னால் ரெடிமேட் சட்டை தைக்கும் கூடத்தில் வரலட்சுமிக்குக் காஜா எடுக்கிற வேலை. பட்டன் நுழைகிற துளையைச் சுற்றி நூல் ஓட்டுவதுதான் காஜா. பக்கத்து மிஷினில் ரஹீமுன்னிசா. கல்யாணத்துக்கு மறுநாள் வேலைக்கு வந்த வரலட்சுமியின் முகத்தைப் பார்த்துவிட்டு, அந்த அம்மாள் ஒன்றும் கேட்காமல் சொன்னாள்: "வெள்ளிக்கெழம இட்டுகினு வா. எங்க வூட்டுக்காரர்கிட்ட கட்டிடலாம்."

ரஹீமுன்னிசாவின் புருஷன் கமால் பாய், சந்துக்குள் இருக்கும் சின்ன தர்காவில் விளக்கேற்றி ஊதுபத்தி வைக்கிறவர். பக்தவச்சலத்தை உட்காரவைத்து, பச்சை நூலை ஓதி, மணிக்கட்டில் கட்டினார். கட்டிவிட்டு ஒரே ஒரு பேச்சுத்தான் சொன்னார். "உனக்குக் குடிக்கணும்னு இருந்தா நேரா இங்க வா. நான் கட்டுனது, நான்தான் அவுக்கணும். அவுத்துட்டுப் போய்க் குடி, நான் கேக்க மாட்டேன். கயிறு கையில இருக்கச்சே ஒரு சொட்டு எறங்கக் கூடாது."

மகள் மாயா காலேஜ் சேர்ந்த வருஷம் கட்டியது. தர்காவின் ஒவ்வொரு சந்தனக்கூடு திருவிழாவுக்கும் பழையதை மாற்றிப் புதுசு கட்டிக்கொண்டான். மாயா படித்து முடித்து வேலைக்கும் போய்விட்டாள். கயிறு அறுபடவில்லை.

மாயா வேலை பார்க்கிற கப்பல் சரக்கு ஆபீசில்தான் நிலவனும். திருவொற்றியூர்ப் பையன். அப்பா அய்யாத்துரை எண்ணூரில் ஒரு ஃபேக்டரியில் பாய்லர் பார்த்து ரிட்டையர் ஆனவர். அம்மா கார்குழலி. இரண்டும் ஒன்றையொன்று விரும்பி, வீட்டில் சொல்லி, வீட்டிலும் பெரிதாக எதிர்ப்பு வரவில்லை. சரி, பெரியவர்கள் சந்திக்கட்டும் என்றானபோது எந்த வீட்டில் என்று கேள்வி வந்தது. பேச்சு முடியாமல் பெண் வீட்டில் பிள்ளை வீட்டார் கை நனைக்கக் கூடாது. பிள்ளை வீட்டில் பெண் வீட்டார் நனைக்கவே கூடாது.

"ஓட்டல்ல துன்னா கை நனைச்ச கணக்கு ஆவாதில்ல? பொது எடம்," என்று நிலவன் வழி சொன்னான். ராயபுரத்தில் ஒரு பழைய சணல் கிடங்கை ஓட்டலாக மாற்றியிருந்தார்கள். கீழ்த்தளத்தில் பப். விதவிதமான பீரும் அதற்குத் தோதான சாப்பாடும். அவன் அப்பாவுக்கு அந்த இடம் பிடிக்கும்.

பப் என்று கேட்டதும் வரலட்சுமிக்குப் போகவே மனசில்லை. வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. ஏன் என்று கேட்பார்களே. குடிகாரன் மகள் என்று ஒரு சொல் அந்த வீட்டுக்குள் போய்விட்டால், நாளைக்கு மாயா அங்கே குழம்பில் உப்பு குறைத்தாலும் அந்தச் சொல்தான் வெளியே வரும்.

சனிக்கிழமை, கூடத்திலேயே ஒரு வெள்ளை முழுக்கைச் சட்டையை எடுத்துவைத்து, கைப்பட்டிக்குத் தானே காஜா போட்டாள். பட்டன் தற்செயலாய்க் கழன்றுவிடக் கூடாது என்று காஜாவைச் சின்னதாக எடுத்தாள். ரஹீமுன்னிசா மிஷினை நிறுத்திப் பார்த்தாள்.

"இன்னா வரலு, இதுல பட்டன் நொழையுமா?"

"நொழைஞ்சா போதும்க்கா. வெளிய வர வேணாம்."

ரஹீமுன்னிசாவுக்கு விளங்கிவிட்டது. "வேணாண்டீ. கயிறு நாலு பேரு கண்ணுல படத்தான் கட்றது. மறைச்சுகினு போனா அது வெறும் நூலு."

"ஒரே ஒரு மத்தியானம்க்கா. துன்னுட்டு வந்துடுவோம்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனார்கள். கதவைத் திறந்ததுமே குளிர் அடித்தது. குளிரோடு வாசனையும் அடித்தது. புளிச்ச மாவும் ஆரஞ்சுத் தோலும் கலந்தமாதிரி ஒரு வாசனை. பக்கத்தில் நடந்த பக்தவச்சலம் மூச்சை உள்ளே இழுத்தது வரலட்சுமிக்குக் கேட்டது. பழைய கிடங்கின் இரும்பு உத்தரங்களை அப்படியே விட்டு, அதிலிருந்து விளக்குகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். கண்ணாடி அலமாரியில் பாட்டில்கள், சாமி மாடம்போல உள்ளிருந்து வெளிச்சம்.

அவள் புருஷனின் வலது பக்கம் பார்த்து உட்கார்ந்தாள்.

"நெரிக்குது வரலு," என்று அவன் கைப்பட்டியைத் தொட்டுக் கிசுகிசுத்தான்.

"கம்னு இரு."

அய்யாத்துரை நல்ல உருவம், நல்ல சிரிப்பு. வந்ததும் பக்தவச்சலத்தின் தோளில் கைபோட்டு, "இன்னா சம்பந்தி, லாரி ஓட்டுன ஒடம்பு இன்னும் கட்டு வுடலியே!" என்றார். கார்குழலி ஒல்லி, கண்ணாடிக்கு மேலே பார்க்கிற பழக்கம். "இன்னும் சம்பந்தி ஆவலிங்க. மொதல்ல உக்காருங்க," என்றாள் புருஷனிடம். எல்லாரும் சிரித்தார்கள். வரலட்சுமியும் சிரித்தாள்.

"பொம்பளைங்களுக்கு எலுமிச்ச சோடா," என்றார் அய்யாத்துரை. "நிலவன் வண்டி ஓட்டணும், அவனுக்கும் சோடா. நமக்கு, சம்பந்தி, இங்க ஒண்ணு கீது பாருங்க. கடைல விக்கற சரக்கு மாதிரி இல்ல. வெளியூர்ல சின்ன அண்டாவுல கையால காச்சி அனுப்பறான். பாய்லர்காரன் சொல்றேன், கொதி பதம் தெரிஞ்சவன் காச்சுனது."

"அவருக்கு சுகருண்ணா," என்றாள் வரலட்சுமி. ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்த பொய். "குடிக்கறதில்ல."

"சுகரா? தங்கச்சி, எனக்கும்தான் சுகர் கீது! காலைல மாத்தர, மத்தியானம் மாத்தர. இது இனிப்பே கெடையாது. கசப்பு. பாவக்கா ஜூஸுன்னு நெனச்சுக்க."

"டாக்டருக்கே மருந்து எழுதித் தர்ற ஆளு," என்றாள் கார்குழலி.

பாட்டில் வந்தது. அய்யாத்துரை கிளாசைச் சாய்த்துப் பிடித்து, விளிம்போரமாக, பிள்ளைக்குப் பால் புகட்டுகிற பக்குவத்தில் ஊற்றினார். பொன்னிறமாக ஏறி, மேலே வெள்ளை நுரை கட்டியது. அதைப் பக்தவச்சலத்தின் முன்னால் வைத்தார்.

அவன் தொடவில்லை. பார்க்கவும் இல்லை. உத்தரத்தைப் பார்த்தான். வரலட்சுமி அவன் கையைப் பார்த்தாள். அந்தக் கை அவளுக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்கும் தெரியாது. ஆசை வந்தால் முதலில் கட்டைவிரல்தான் துடிக்கும். இப்போது சும்மாதான் இருந்தது.

பேச்சு ஓடியது. ஆவணியா ஐப்பசியா, மண்டபம் எங்கே, சாப்பாடு யார். கார்குழலி கண்ணாடிக்கு மேலே பார்த்துக் கேட்டாள்: "பொண்ணுக்குத் தாய்மாமன் யாரு அண்ணி? இன்னிக்கு வருவாருன்னு பாத்தோம்."

மாயா சோடாவில் குழாயைப் போட்டுக் கலக்கினாள்.

"தம்பி கீறான் அண்ணி. தண்டையார்பேட்டைல. அவனுக்கு வேல ஜாஸ்தி, ஞாயித்துக்கெழமயும் வேல."

பக்தவச்சலத்தின் பார்வை உத்தரத்திலிருந்து இறங்கியது. கிளாசில் நுரை அடங்கிக்கொண்டிருந்தது. மேசைக்குக் கீழே அவள் அவன் முழங்காலில் கை வைத்து அழுத்தினாள்.

நல்ல வேளையாக அப்போது மீன் வந்தது. கொடுவா, விரல் நீளத்துக்கு வெட்டி, மேலே மாவு பூசிப் பொரித்தது. பஜ்ஜிபோல உப்பி, பொன்னாக இருந்தது. பக்தவச்சலம் ஒன்றை எடுத்துக் கடித்தான். காதுக்குக் கேட்கிற மொறுமொறுப்பு. இன்னொன்று எடுத்தான். வாய்க்கு ஒரு வேலை கிடைத்ததில் அவன் முகம் இளகியது. "சோக்கா கீது," என்றான். வந்ததிலிருந்து அவன் உரக்கச் சொன்ன முதல் வார்த்தை. அதைக் கேட்ட பிறகுதான் வரலட்சுமிக்கு மூச்சே ஒழுங்காக வந்தது. முழங்காலிலிருந்து கையை எடுத்தாள். தானும் ஒரு துண்டு எடுக்கலாமென்று தட்டின் பக்கம் நீட்டினாள்.

"நல்லா கீதா மாமா?" என்றான் நிலவன், மாமனாரைக் குளிரவைத்த சந்தோஷத்தில். "இதுக்கு மாவுல தண்ணியே ஊத்த மாட்டாங்க. பீர் ஊத்திதான் கரைப்பாங்க. அதான் இந்த மொறுமொறுப்பு. இங்க இதான் ஃபேமஸு."

பக்தவச்சலத்தின் தாடை நின்றது.

மாயா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பையனுக்கு அவள் எல்லாம் சொல்லியிருந்தாள், இதை மட்டும் சொல்லவில்லை.

வாயில் இருந்ததை அவன் துப்பவும் முடியாமல், வைத்திருக்கவும் முடியாமல், கடைசியில் விழுங்கினான். தொண்டைக் குழி ஏறி இறங்கியதை வரலட்சுமி பார்த்தாள்.

"போச்சு," என்றான் அவளுக்கு மட்டும் கேட்கிறமாதிரி.

"இன்னா போச்சு? மீனுதானே துன்ன."

"கயிறோட எறங்கிடுச்சு வரலு. ஒரு சொட்டுன்னு சொன்னாரு. ரெண்டு துண்டு துன்னுட்டேன்."

"தெரியாமதானே..."

"போச்சுன்னா போச்சுதான். முழுக்க நனைஞ்சப்புறம் முக்காடு இன்னாத்துக்கு?"

இதை அவன் அழுதுகொண்டு சொல்லியிருந்தால் அவள் பயந்திருக்க மாட்டாள். அவன் குரலில் ஒரு லேசு இருந்தது. சுமை இறக்கினவன் குரல். சித்தப்பாமார் இரண்டு பேரிடமும் அவள் கேட்ட குரல் அது. "அதான் ஆயிப்போச்சே" என்று சொல்லிக்கொண்டேதான் பெரியவர் கடைசியாகச் சாராயக் கடைக்குப் போனார்.

அவன் வலது கட்டைவிரல் துடித்தது.

அய்யாத்துரை ஒன்றும் அறியாதவர். தன் கிளாசைத் தூக்கினார். "சம்பந்தி! நுரை அடங்கிப்போச்சு பாருங்க, பாவம், உங்களப் பாத்துகினே கீது. ஒரே ஒரு வாய். ரெண்டு குடும்பமும் கலந்துச்சுன்னு வெச்சுக்கலாம்."

பக்தவச்சலம் சிரித்தான். கையை நீட்டிக் கிளாசைப் பிடித்தான். ஐந்து விரலும் பழைய இடத்துக்குப் போய் உட்கார்ந்தமாதிரி உட்கார்ந்தன.

வரலட்சுமி அவன் மணிக்கட்டைப் பற்றினாள்.

"விடு," என்றான், சிரிப்பு மாறாமல்.

"வேணாங்க."

"விடு தங்கச்சி," என்றார் அய்யாத்துரையும். "ஒரு கிளாசுதானே? ஆம்பளய இப்டி போலீஸ்காரன் மாதிரி புடிச்சா எப்டி? சபைல மனுஷனுக்கு ஒரு மருவாதி வேணாம்?"

கிளாஸ் மேசையை விட்டு எழும்பியது. அவள் இழுத்தாள், அவன் இழுத்தான். லாரி ஸ்டியரிங்கை ஒடித்த கை. அவளால் எவ்வளவு நேரம் பிடிக்க முடியும்? பீர் தளும்பி மேசைத் துணியில் கொட்டியது. கார்குழலி நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பினார்கள். மாயா "அம்மா, அம்மா" என்று மட்டும் சொன்னாள். அது நிறுத்து என்று சொல்கிறாளா விடாதே என்று சொல்கிறாளா தெரியவில்லை.

ரஹீமுன்னிசா சொன்னது அப்போதுதான் வரலட்சுமிக்கு உறைத்தது. இந்தக் கையைத் தடுக்கத் தன்னால் ஆகாது. ஊற்றுகிற கையைத்தான் தடுக்க வேண்டும். அதைத் தடுக்கிற ஒரே பொருள் இந்தச் சட்டைக்குள் கிடக்கிறது. மூடி வைத்தவள் அவள்தான்.

ஒரு கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கைப்பட்டிப் பட்டனைக் கழற்றப் பார்த்தாள். கழலவில்லை. அவள் எடுத்த காஜா. நூலை இறுக்கி, மேலே இன்னொரு ஓட்டு ஓட்டி, அவளே சின்னதாக்கியது. கட்டைவிரல் நகத்தால் நெம்பினாள். வழுக்கியது. கிளாஸ் அவன் மோவாய்க்கு வந்துவிட்டது. மறுபடி நெம்பினாள். நகம் மடிந்தது. கடைசியில் கைப்பட்டியின் விளிம்பைப் பிடித்து ஒரே வெட்டாக இழுத்தாள். துணி கிழிந்தது, பட்டன் தெறித்துச் சட்னிக் கிண்ணத்தில் போய் விழுந்தது. சட்டைக் கையை முழங்கை வரைக்கும் மேலே தள்ளினாள்.

பச்சைக் கயிறு. வியர்வையில் நனைந்து, தோலில் பதிந்து கிடந்தது.

அய்யாத்துரை திருவொற்றியூரில் பிறந்து வளர்ந்தவர். அவருக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கையிலிருந்த பாட்டிலைப் பாம்பைப் போடுகிறமாதிரி மேசையில் போட்டார். எழுந்து நின்றார்.

"அய்யய்யோ! இன்னா தங்கச்சி இது! கயிறு கட்டுன கைக்கு... என் கையால ஊத்த வெச்சுட்டியே! சுகருன்னியே!"

"பொய்ண்ணா."

"எனக்குப் புள்ள குட்டிங்க கீதும்மா! நான் உனக்கு இன்னா பண்ணேன்?" அவர் முகத்தில் நல்ல சிரிப்பெல்லாம் போய்விட்டது. கோபமும் பயமும் ஒன்றாக இருந்தன.

"மறைச்சிருக்க வேணாம் அண்ணி," என்றாள் கார்குழலி. குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். அதுதான் அதிகம் சுட்டது. "இத மறைச்சவங்க வேற இன்னா மறைச்சீங்களோன்னு வருதில்ல?"

வரலட்சுமி புருஷன் பக்கம் திரும்பினாள். கிளாஸ் இன்னும் அவன் கையில்தான் இருந்தது. கயிறு வெளியே தெரிந்துவிட்டதால் ஆசை உள்ளே போய்விடுமா? அவள் மணிக்கட்டை விட்டாள். அவன் அதை எதிர்பார்க்கவில்லை.

"குடிக்கணுமா?" என்றாள். "குடி. நான் புடிக்கல. ஆனா எந்திரி மொதல்ல. கமால் பாய்கிட்டப் போலாம். அவுக்கச் சொல்லு. அவுத்துட்டு இங்கியே வரலாம், இதே நாற்காலி. நானே ஊத்தித் தரேன். கயிறோட மட்டும் குடிக்காத."

மேலே எங்கேயோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பக்தவச்சலம் கிளாசைப் பார்த்தான். கயிற்றைப் பார்த்தான். மகளைப் பார்க்கவில்லை. கிளாசைக் கீழே வைத்தான். விரல்களை ஒவ்வொன்றாகத்தான் எடுத்தான்.

"வா," என்றான். "அவுத்துக்கறேன்."

சாப்பாட்டில் பாதியில் எழுந்திருப்பது, அதுவும் சம்பந்தம் பேசுகிற இடத்தில், எவ்வளவு பெரிய தப்பு என்று எல்லாருக்கும் தெரியும். அதற்கு மேல் பேச்சே இல்லை என்று அர்த்தம். வரலட்சுமி அதையும் தெரிந்துதான் எழுந்தாள்.

நிலவன் சாவியை எடுத்தான். "வண்டி கீது அத்த. நான் கூட்டினு போறேன்."

"இருடா," என்றார் அய்யாத்துரை. எல்லாரும் அவர் தடுக்கப்போகிறார் என்று நினைத்தார்கள். "ஊத்துன கை என் கை. நானும் வரணும். அவருக்கு இன்னா பரிகாரமோ அது எனக்கும் சேத்துத்தான்."

கார்குழலியும் மாயாவும் பின்னால் ஆட்டோவில் வருவதாகச் சொன்னார்கள். வண்டிக்குள் நான்கு பேர். முன்னால் அய்யாத்துரை கைக்குட்டையால் வாயைத் துடைத்தபடியே வந்தார். பின்னால் பக்தவச்சலம் கிழிந்த கைப்பட்டியைச் சுருட்டுவதும் விடுவதுமாக இருந்தான். மெட்ரோ ஸ்டேஷன் தாண்டி வண்ணாரப்பேட்டைக் கூட்டத்தில் வண்டி ஊர்ந்தது. "நடந்தாகூடப் போயிடலாம்," என்றான் ஒருமுறை. அவிழ்த்துக்கொள்ள அவ்வளவு அவசரமா, இல்லை அந்த அவசரம் அடங்குவதற்குள் போய்ச் சேர வேண்டுமென்றா? வரலட்சுமி கேட்கவில்லை.

தர்காவில் கமால் பாய் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த ரஹீமுன்னிசா முதலில் பார்த்தது கிழிந்த கைப்பட்டியை. வரலட்சுமியின் மடிந்த நகத்தை அடுத்துப் பார்த்தாள். எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

பக்தவச்சலம் உள்ளே போனான். வரலட்சுமி முந்தானையைத் தலையில் இழுத்துக்கொண்டு பின்னால் போனாள். நிலவன் கதவோரம் நின்றான். அய்யாத்துரை செருப்பைக் கழற்றிவிட்டு, படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். "நான் குடிச்சிருக்கேன் பாய்," என்று சந்து முழுக்கக் கேட்கச் சொன்னார். "உள்ள வர மாட்டேன். அவருக்கு ஊத்துனது நான்தான். தெரியாம ஊத்திட்டேன்."

கமால் பாய் அவரை ஒருமுறை பார்த்துத் தலையசைத்துவிட்டு, பக்தவச்சலத்தைப் பார்த்தார். "எறங்குச்சா?"

"மீனுல, பாய். மாவுல பீரு ஊத்திப் பெசைஞ்சிருந்தான். தெரியாம துன்னுட்டேன்."

"கிளாசு?"

"வாய் வரைக்கும் வந்துச்சு."

"அது தெரிஞ்சா தெரியாமயா?"

"தெரிஞ்சுதான்."

"மீன வுடு, அது என் பாடு. கிளாசுக்கு நீ சொல்லு. அவுக்கவா, கட்டவா?"

மேலே மின்விசிறி கிரீச்சிட்டுக்கொண்டு சுற்றியது. வரலட்சுமி சுவரில் சாய்ந்து நின்றாள். 'கட்டுன்னு சொல்லு' என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. இந்த இடத்தில் அவள் சொல்லி அவன் கட்டிக்கொண்டால் அது அவள் கயிறு. வாயை இறுக்கிக்கொண்டாள்.

"அவுத்துட்டா," என்றான் பக்தவச்சலம் மெதுவாக, "இன்னிக்கே குடிக்கலாமா பாய்?"

"குடிக்கலாம். நான் கேக்க மாட்டேன்னு அன்னிக்கே சொன்னேன்."

"நாளைக்கு?"

"நாளைக்கும் கேக்க மாட்டேன்."

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். கணக்குக் கேட்டவன்போல இல்லை. வழி கேட்டுவிட்டு நிற்கிறவன்போல இருந்தது. வெளியே ஆட்டோ வந்து நின்ற சத்தம் கேட்டது. மாயா ஓடிவந்து படியேறாமல், அய்யாத்துரைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டாள். பக்தவச்சலம் திரும்பி அவளைப் பார்த்தான். அன்றைக்கு முதல்முறையாகப் பார்த்தான்.

சட்டையைக் கழற்ற ஆரம்பித்தான். மற்றொரு கைப்பட்டியும் கழலவில்லை. அதையும் வரலட்சுமியே இறுக்கி வைத்திருந்தாள். இழுத்துப் பிய்த்துக் கழற்றி, அவளிடமே நீட்டினான். "நெரிக்குதுன்னு சொன்னேன், கேட்டியா?" என்றான். பனியனோடு கமால் பாய் முன்னால் உட்கார்ந்து கையை நீட்டினான். கட்டைவிரல் இன்னும் துடித்துக்கொண்டுதான் இருந்தது.

"கட்டு பாய்."

கமால் பாய் பழையதை அவிழ்த்து, புது நூலை எடுத்து ஓதினார். "வூட்டு ஆளு யாராவது கைய ஆடாம புடிங்க," என்றார். முதல்முறை கட்டினபோதும் இதையே சொன்னார். அன்றைக்குச் சொந்தத்தில் யாரும் வரவில்லை, வரலட்சுமிதான் பிடித்தாள். இப்போதும் அவள் முன்னால் நகர்ந்தாள். அதற்குள் கதவோரம் நின்றவன் வந்து குந்திவிட்டான்.

"நான் புடிக்கறேன் அத்த."

பக்தவச்சலம் அவனைப் பார்த்து, "மருமவனே, கை ஆடுது," என்றான் வெட்கத்தோடு.

"ஆடட்டும் மாமா."

படிக்கு வெளியிலிருந்து அய்யாத்துரை குரல் கொடுத்தார்: "கெட்டியா புடிடா! நெகிழ வுட்டுடாத!"

கார்குழலி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். "அண்ணி," என்று உள்ளே பார்த்துச் சொன்னாள், "எனக்கு இன்னும் கோவம் போவல. வர்ற ஞாயித்துக்கெழம உங்க வூட்டுக்கு வரோம். மறைக்காம எல்லாத்தையும் சொல்லுங்க. அப்புறம் கை நனைக்கறதப் பாக்கலாம்."

திங்கட்கிழமை, சாப்பாட்டு நேரத்தில், வரலட்சுமி அந்த வெள்ளைச் சட்டையைக் கூடத்துக்கு எடுத்துவந்தாள். இரண்டு கைகளையும் முழங்கைக்கு மேலே கத்தரித்தாள். மடித்துத் தைத்தாள். ரஹீமுன்னிசா மிஷினிலிருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தைத்து முடித்ததும் வரலட்சுமி போனை எடுத்துத் தம்பி தணிகாசலத்துக்குப் போட்டாள். அடித்து அடித்து நின்றது. நூலை அறுத்துவிட்டு மறுபடி போட்டாள்.